கும்மட்டம் ஆற்றுக்குப் போன வழி

ஆனி மாதத்தில் ஒரு விடிகாலை, ஹயாத் பேகத்தின் கும்மட்டம் தன் இடத்தில் இல்லை. இருநூறு வருஷத்துக்கு மேலாகக் கோட்டைக்கு மேற்கே புளியமரங்களுக்கு நடுவில், நான்கு மூலையிலும் நான்கு சின்ன மினார்களோடு நின்றிருந்த அந்தக் கல்லறை மாடம், அன்றைக்குப் பூ மார்க்கெட் வாசலில், சாமந்தி மூட்டைகளுக்கும் மல்லிகைக் கூடைகளுக்கும் இடையே, வெளியூரிலிருந்து வந்து யாரிடம் வழி கேட்கலாம் என்று யோசிக்கிறவரைப் போல நின்றுகொண்டிருந்தது. பூக்காரிகள்தான் முதலில் பார்த்தார்கள். "யக்கா, கும்மட்டம் இங்க வந்துக்கீது பாரு" என்றாள் ஒருத்தி. "வந்தா வரட்டும், வாசல மறிக்காம நின்னா சரி" என்றாள் இன்னொருத்தி. பிறகு இருவரும் சேர்ந்து ஒரு முழம் கதம்பத்தை அதன் வாசற்படியில் வைத்துவிட்டு வியாபாரத்தைப் பார்க்கப் போனார்கள்.

கும்மட்டத்தைப் பார்த்துக்கொள்கிற முஜாவர் சையத் கவுஸுக்கு வேறு மாதிரி விடிந்தது. அவர் வீடு கும்மட்டத்தின் மேற்குச் சுவரோடு ஒட்டிக் கட்டியது. கண் விழித்தபோது வீட்டுக்கு மூன்று சுவர்தான் இருந்தது; நாலாவது சுவர் இருந்த பக்கம் புளியமரமும், ஒரு வெள்ளாடும், பளீரென்று வெயிலும் தெரிந்தன. அவர் மனைவி ஷகீரா அதற்குள் பெட்ஷீட் ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு, டீ போட்டு முடித்திருந்தாள்.

"எங்க போயிருக்குன்னு பாத்துட்டு வாங்க. சாயங்காலம் விளக்கு வெக்கணும்ல" என்றாள்.

கவுஸ் பாய் எண்ணெய்க் குப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அன்று முதல் கும்மட்டம் எங்கே நின்றதோ அங்கே அவருக்கும் பொழுது சாய்ந்தது.

ஏன் கிளம்பியது என்று ஊரில் யாரும் பெரிதாக ஆராயவில்லை. ஹயாத் பேகத்தைப் பற்றி ஊருக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். மேற்கே எங்கிருந்தோ திரை போட்ட பல்லக்கில் வந்தவள், கோட்டைக்குள் ஒரு மாளிகையில், ஆகாயத்தைக் கூடச் சதுரம் சதுரமாகக் காட்டுகிற கல் ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவள், முடி நரைப்பதற்குள் செத்துப்போனவள், திரை போட்ட பல்லக்கிலேயே புளியந்தோப்புக்குப் போனவள். தான் வாழ்ந்த ஊரை அவள் ஒரு நாளும் பார்த்ததில்லை. "ஊரு பாக்கக் கெளம்பிட்டாங்க, வேற இன்னா?" என்று மணிக்கூண்டு டீக்கடையில் யாரோ சொன்னார்கள். அதற்கு மேல் காரணம் யாருக்கும் தேவைப்படவில்லை.

அது நகர்வதை யாரும் கண்ணால் பார்க்கவில்லை. பார்க்கிறபோது கல்லாக நிற்கும். சோற்றைக் குழம்பில் பிசைந்துவிட்டு நிமிர்வதற்குள், சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டுத் திரும்புவதற்குள், தும்மி முடிப்பதற்குள், இரண்டு கடை தள்ளி நிற்கும். இவ்வளவு பெரிய மாடம் இவ்வளவு குறுகலான தெருக்களில் எப்படிப் போகிறது என்றால், நெரிசலான பஸ்ஸில் பிள்ளைத்தாய்ச்சி ஏறினால் எல்லோரும் கொஞ்சம் கொஞ்சம் ஒதுங்குகிறார்களே, அப்படி வீடுகள் ஒதுங்கிக்கொண்டன. ஒரு மாடி தன் பால்கனியை உள்ளே இழுத்துக்கொண்டது, ஒரு மின்கம்பம் முதுகை வளைத்துக்கொண்டது, ஒரு மதில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது, கும்மட்டம் போன பிறகு எல்லாம் பழையபடி தளர்ந்து உட்கார்ந்துகொண்டன.

மாம்பழ மண்டியில் அது நின்றபோது நல்ல பழக்காலம். மண்டிக்காரர்கள் வைக்கோல் மெத்தையோடு ஒரு கூடை மல்கோவாவை உள்ளே கொண்டுபோய் வைத்தார்கள், மறுநாள் அந்த வாசனை வாசல் வழியாக வெள்ளிக் கொலுசுக் கடைகள் வரைக்கும் வந்தது. கொலுசுக் கடைத் தெருவில் நின்றபோது சேட்டுக் கடைப் பெண்கள் ஜோடி ஜோடியாகக் கொலுசை ஆட்டி ஒலி காட்டினார்கள். மாதா கோயிலுக்கு எதிரில் நின்ற ஞாயிற்றுக்கிழமையில் பாடகர் குழு ஜன்னல்களை எல்லாம் திறந்து வைத்துக்கொண்டு பாடியது. தியேட்டர் வாசலில் நின்றபோது மேட்னி ஷோவுக்கு நடுவில் கதவைச் சாத்தாமல் விட்டார் முதலாளி, சண்டைச் சத்தமும் கைதட்டலும் வெளியே கேட்கட்டும் என்று. பஸ் ஸ்டாண்டில் அது வந்து நின்ற அன்று, கண்டக்டர்கள் "ஆம்பூர், வாணியம்பாடி, திருப்பத்தூர்" என்று கூவுவதை ஒரு கணம் நிறுத்தி, இவ்வளவு ஊர்களை ஒரே நேரத்தில் கேட்டால் புதிதாக வந்தவருக்குத் தலை சுற்றுமே என்று, ஒவ்வொரு ஊராக நிதானமாகச் சொல்லிப் பார்த்தார்கள்.

தலைநகரத்திலிருந்து ஜீப்பில் ஒரு அதிகாரி வந்தார். புராதனச் சின்னங்கள் அனுமதியின்றி இடம் மாறக் கூடாது என்று கும்மட்டத்தின் முன்னால் நின்று படித்தார். படித்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்வதற்குள் அது தபால் ஆபீஸ் பக்கம் போயிருந்தது. அவர் மண்டியில் ஒரு கிலோ மாம்பழம் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

இப்படியே ஊரெல்லாம் பார்த்துவிட்டு, ஆடி பிறக்கும் சமயத்தில், கும்மட்டம் படித்துறைத் தெருவுக்குள் திரும்பியது. அப்போதுதான் கவுஸ் பாய்க்கு அது எங்கே போகிறது என்று புரிந்தது. அந்தத் தெரு பாலாற்றுக்குப் போகிற தெரு. முன்பு போனது. இப்போது கடைசி வீட்டோடு முட்டி நிற்கிறது. தெருவின் இரண்டு பக்க வீடுகளும் வழக்கம்போல ஒதுங்கின. கும்மட்டம் தெரு முனை வரைக்கும் வந்து, அந்தக் கடைசி வீட்டு வாசலுக்கு எதிரில் நின்றது.

அந்த வீடு ஒதுங்கவில்லை.

அது ஏகாம்பரம் வீடு. முன் அறையில் அவருடைய பஞ்சர் கடை. நடு அறையில் அவர் மனைவி சுலோச்சனாவின் கிரைண்டர். தெரு முழுக்க அவள் அரைத்த மாவில்தான் இட்லி வெந்தது. அதற்குப் பின்னால் சமையலறை. சமையலறைக்குப் பின்னால் ஒரு காலத்தில் கொல்லைக் கதவு இருந்தது. கதவைத் திறந்தால் நாலு படி, படிக்குக் கீழே ஆறு. ஆறு என்றால் மணல்தான், கருவேலமரம்தான். அந்த ஊர்க்காரர்கள் ஆற்றைக் குறுக்கே நடந்து கடந்துதான் பழக்கம்.

அப்படிப்பட்ட ஆறு ஒரு ஐப்பசியில் வந்தது. கரை தொட்டு, செம்மண் நிறத்தில், மரங்களையும் மாட்டுக் கொட்டகைக் கூரைகளையும் சுமந்துகொண்டு வந்தது. ஊரே பார்க்கப் போனது. ஏகாம்பரத்தின் ஒரே மகன் மதிவாணன், பாலிடெக்னிக் முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்தவன், "தண்ணிம்மா, நம்ம ஆத்துல தண்ணி" என்று சொல்லிக்கொண்டே கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு போனான். தண்ணீரைக் கண்டிராத ஊரில் நீச்சல் யாருக்குத் தெரியும்? அவன் திரும்பி வரவில்லை. தேடினார்கள், வலை போட்டார்கள், ஆறு கடலில் கலக்கிற இடம் வரைக்கும் சொல்லிவிட்டார்கள். உடம்பும் கிடைக்கவில்லை.

தண்ணீர் வடிந்ததும் ஏகாம்பரம் செங்கல் வாங்கி வந்து கொல்லைக் கதவைப் பெயர்த்துப் போட்டுவிட்டு அந்த இடத்தைச் சுவராக்கினார். கொத்து வேலை தெரியாதவர் கட்டிய சுவர்; நடுவில் தொப்பை வைத்து, ஓரத்தில் சிமெண்ட் பிதுங்கி, கோணலாக நின்றது. அவரால் ஆற்றைப் பார்க்க முடியவில்லை. ஆனால் சுலோச்சனா அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டுதான் உயிரோடு இருந்தாள். போனவன் அந்த வழியாகத்தானே போனான், வந்தால் அந்த வழியாகத்தானே வருவான், வந்து தட்டிப் பார்த்துச் சுவர் இருந்தால் எங்கே போவான்? அன்றைக்கு அவள் எதுவும் சொல்லவில்லை. அதற்குப் பிறகும் சொல்லவில்லை. புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரோடு ஒருவர் பேசுவதே நின்றுபோனது. அவள் கிரைண்டரைப் பார்த்து, "சோறு ஆறிப் போவுது" என்பாள். அவர் வந்து சாப்பிடுவார். அவர் டயரைப் பார்த்து, "நாளைக்கு மார்க்கெட் போறேன், இன்னா வேணுமோ" என்பார். காலையில் பை வாசலில் மாட்டியிருக்கும். மகன் பெயரை அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதே இல்லை.

அந்த வீட்டின் முன்னால்தான் கும்மட்டம் நின்றது. இன்றைக்கு நகரும், நாளைக்கு நகரும் என்று தெரு காத்திருந்தது. நகரவில்லை. தண்ணீர் லாரி வர முடியவில்லை; குடங்கள் தெருமுனைக்கு நடந்தன. பொன்னியம்மன் ஆடித் திருவிழாவுக்குத் தேர் திரும்ப இடமில்லை. பூசாரி வந்து பார்த்துவிட்டு, "அம்மா ரெண்டு பேரும் பேசிக்குவாங்க, நாம இன்னாத்துக்கு நடுவுல" என்று தேரைப் பக்கத்துத் தெரு வழியாகக் கொண்டுபோனார். இதெல்லாம் பரவாயில்லை. ஒரு நாள் மத்தியானம் கும்மட்டத்தின் உச்சியிலிருந்து ஒரு பாளம் காரை பெயர்ந்து விழுந்தது. மறுநாள் ஒரு மினாரில் விரிசல் கண்டது. பூ மார்க்கெட்டிலும் பஸ் ஸ்டாண்டிலும் வெயிலில் நின்றபோது ஒரு சுண்ணாம்புத் துகள்கூட உதிராத மாடம், ஒரு மூடிய வீட்டுக்கு எதிரில் நின்று நின்று நொறுங்க ஆரம்பித்தது.

கவுஸ் பாய்க்குச் சோறு இறங்கவில்லை. பஞ்சர் கடை ஸ்டூலில் வந்து உட்கார்ந்தார்.

"ஏகாம்பரண்ணே, எங்க அப்பா, அவரோட அப்பா எல்லாரும் பாத்துக்கிட்ட இடம். என் காலத்துல இடிஞ்சுதுன்னு இருக்கக் கூடாது."

"அதுக்கு நான் இன்னா பண்ணட்டும் பாய்?" ஏகாம்பரம் டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அழுத்திக் குமிழி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆத்துக்குப் போவணும்னு நிக்கிறாங்க. உங்க பின் சுவத்த மட்டும்…"

"ஆத்துல இன்னா கீது? ஒண்ணுமில்ல. போய்ப் பாக்கறதுக்கு அங்க ஒண்ணுமே இல்லன்னு சொல்லு உங்க பேகத்துக்கிட்ட."

கவுன்சிலர் வசந்தா வந்து பேசினாள். வீட்டையே எடுத்துவிட்டு வேறு இடத்தில் கட்டித் தருவதாகச் சொன்னாள். ஏகாம்பரம் நாற்காலியைத் தூக்கிவந்து வாசலில் போட்டு, கும்மட்டத்தைப் பார்க்க உட்கார்ந்தார். அன்றிலிருந்து கடையையும் திறக்கவில்லை. இரண்டு பிடிவாதங்கள் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருந்ததைத் தெரு ஜன்னல் வழியாகப் பார்த்தது. ஒவ்வொரு நாளும் கும்மட்டம் கொஞ்சம் உதிர்ந்தது. ஏகாம்பரமும் கொஞ்சம் இளைத்தார்.

ஆடிப் பெருக்கன்று, பகல் சாப்பாட்டுக்கு அப்புறம், சுலோச்சனா ஒரு தூக்கில் கவுஸ் பாய்க்கு எலுமிச்சம்பழச் சோறு எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். கவுஸ் பாய் விழுந்த காரையைக் கூடையில் அள்ளிக்கொண்டிருந்தார்.

"சாப்புடு பாய். இப்படி வயித்தக் காயப் போட்டா கும்மட்டம் நின்னுடுமா?"

"சாப்புடறேன் தங்கச்சி, உள்ள வெச்சிடுங்க. கை மண்ணாயிருக்கு."

அவள் அதுவரை கும்மட்டத்துக்குள் போனதில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுப் போனாள். உள்ளே பகலுக்கு நடுவில் ஒரு சாயங்காலம் இருந்தது. குளிர்ந்த தரை. கல் ஜன்னல் வழியாக வெயில் சிறு சிறு சதுரமாக விழுந்து கிடந்தது. நடுவில் பச்சைத் துணி போர்த்திய ஒரு கல், அதன் தலைமாட்டில் காய்ந்த கதம்பம், ஊதுவத்திச் சாம்பல், இன்னும் போகாத மாம்பழ வாசனை. சுலோச்சனா தூக்கை இறக்கி வைத்தாள். போய்விடலாம் என்றுதான் திரும்பினாள். ஆனால் அந்தக் கல்லைப் பார்த்தபோது, எங்கேயோ பிறந்து யாருமில்லாத ஊரில் செத்தவளுக்குக்கூட, இருநூறு வருஷம் கழித்தும், இங்கேதான் இருக்கிறாள் என்று காட்ட ஒரு கல் இருக்கிறது என்று தோன்றியது. தோன்றியதும் அதன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"எம்புள்ளைக்கு ஒண்ணுமே இல்லியேம்மா" என்றாள், முணுமுணுப்பாக.

கும்மட்டம் அதை வாங்கி, மெதுவாக ஒரு சுற்று சுற்றி, அவளிடமே தந்தது. கும்மட்டங்களின் இயல்பு அது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு, இத்தனை காலம் நெஞ்சுக்குழியில் அடைத்து வைத்திருந்ததை, தெருமுனையில் விளையாடுகிற பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடுகிற குரலில், வாய்விட்டுக் கூப்பிட்டாள்.

"மதி!"

கும்மட்டம் கூப்பிட்டது. மதி என்றது மேற்குச் சுவர். மதி என்றது கிழக்குச் சுவர். மதி, மதி, மதி என்று நான்கு மினாரும் ஒன்றன் பின் ஒன்றாகச் சொல்லின. விரிசல் வழியாக, ஜன்னல் வழியாக, வாசல் வழியாக அந்தப் பெயர் தெருவுக்குள் இறங்கி, நாற்காலியில் உட்கார்ந்திருந்தவரின் மடியில் வந்து விழுந்தது.

ஏகாம்பரம் எழுந்தார். வீட்டுக்குள் போனார். கடப்பாரையை எடுத்தார். சமையலறையில் முதல் அடி விழுந்த சத்தம் தெருவுக்கே கேட்டது. கட்டத் தெரியாதவர் கட்டிய சுவர் இடிக்க மட்டும் லேசில் இடம் கொடுக்கவில்லை. அவர் இடித்தார், இருமினார், இடித்தார். இடிக்கும்போது என்னவோ சொல்லிக்கொண்டே இடித்தார். பக்கத்து வீட்டுக்காரர்கள் அது வசவு என்றார்கள், இல்லை அழுகை என்றார்கள். முதல் செங்கல் வெளிப்பக்கம் விழுந்தது. அந்த ஓட்டை வழியாக ஆற்றுக்காற்று உள்ளே வந்து, கிரைண்டர் மேல் மூடியிருந்த துணியைத் தூக்கிப் பார்த்தது.

கடைசிச் செங்கலும் விழுந்தபோது அவர் வியர்வை கண்ணில் இறங்கக் கண்ணை மூடினார். அவ்வளவு நேரம் போதும்.

ஊசிக் காதில் நூல் நுழைகிற மாதிரி நுழைந்தது என்று பிறகு தெருவில் சொன்னார்கள். நூல்தான் பெரிது, ஊசிதான் சின்னது. முன் வாசல் வழியாக மினார்களும் மாடமும் உள்ளே போயின, ஒரு டியூப் கீழே விழவில்லை, ஒரு பாத்திரம் நகரவில்லை. கொஞ்ச நேரம் அந்த வீடு கும்மட்டத்துக்குள் இருந்தது, அல்லது கும்மட்டம் அந்த வீட்டுக்குள் இருந்தது. கிரைண்டருக்குப் பக்கத்தில் பச்சைத் துணி போர்த்திய கல் இருந்தது, அடுப்பு மேல் கல் ஜன்னலின் வெயில் விழுந்தது. ஏகாம்பரம் கண்ணைத் திறந்தபோது அவர் கடப்பாரையோடு கும்மட்டத்தின் உள்ளே நின்றிருந்தார். எதிரில், தரையில், சுலோச்சனா.

அவள் அவரைப் பார்த்தாள். தலையெல்லாம் செங்கல் தூள், கையெல்லாம் ரத்தம்.

"கைய இன்னா பண்ணிக்கின?" என்றாள். கிரைண்டரிடம் சொல்லவில்லை. அவரிடம் கேட்டாள்.

அவர் கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் முந்தானையைக் கிழித்து அவர் கையில் சுற்றினாள். சுற்றி, இறுக்கி முடிச்சுப் போட்டாள்.

"அவன் வரமாட்டான்ல?" என்று கேட்டாள், முடிச்சைப் பார்த்துக்கொண்டே.

"வரமாட்டான் சுலோச்சனா."

"உனக்கு அப்பவே தெரியுமா?"

"தெரியும். சொல்றதுக்கு வாய் வரல. அதான் சுவரு வெச்சேன்."

அவள் தலையை ஆட்டினாள். அவர் தோளில் சாய்ந்து அழுதாள். அவரும் அழுதார். அதைக் கும்மட்டம் சுற்றிச் சுற்றித் திருப்பிச் சொல்லவில்லை. அந்த ஒரு தடவை மட்டும் கேட்டதைத் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டது.

அவர்கள் எழுந்து வெளியே வந்தபோது காலுக்குக் கீழே மணல் இருந்தது. கும்மட்டம் நாலு படியையும் இறங்கி, பாலாற்றின் கரையில், கருவேலமரங்களின் நிழலில், அகன்ற வெறும் ஆற்றைப் பார்க்க உட்கார்ந்திருந்தது. ஆற்றில் தண்ணீர் இல்லை. தூரத்தில் ஆடுகள் ஆற்றின் நடுவே மேய்ந்துகொண்டிருந்தன. கவுஸ் பாய் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஏகாம்பரம் வீட்டுக்குள்ளாக ஓடிவந்து, கொல்லை வாசலில் நின்று மூச்சு வாங்கினார். அவருக்குப் பின்னால் தெரு மொத்தமும் அதே வழியாக வந்தது.

அதற்குப் பிறகு கும்மட்டம் நகரவில்லை. ஷகீரா கொஞ்ச நாள் காத்திருந்து பார்த்துவிட்டு, பெட்ஷீட் இருந்த இடத்தில் ஜன்னல் வைத்துச் சுவர் கட்டச் சொன்னாள். அந்தத் தெருவிலிருந்து ஆற்றங்கரைக்குப் போக வேறு பாதை இல்லை. இரண்டு பக்கமும் மதிலும் சாக்கடையும். வழி விடச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை, ஏகாம்பரம் கொல்லைக்குக் கதவு போடவும் இல்லை. கும்மட்டம் பார்க்க வருகிறவர்கள் பஞ்சர் கடை வழியாக நுழைந்து, கிரைண்டரைச் சுற்றிக்கொண்டு, அடுப்பைத் தாண்டி, நாலு படி இறங்கிப் போகிறார்கள். வெள்ளிக்கிழமை கூட்டம், வெளியூர்க் கூட்டம், கையில் குழந்தையோடு, கழுத்தில் கேமராவோடு. சிலர் தாளிக்கிற வாசனைக்கு நின்று, என்ன குழம்பு என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள். சிலர் திரும்பும்போது மாவு வாங்கிக்கொள்கிறார்கள். காலையிலிருந்து பொழுது சாய்கிற வரைக்கும் அந்த வீட்டில் யாராவது நடந்துகொண்டே இருக்கிறார்கள்.

சில சமயம் ஆற்றுப் பக்கமிருந்து, கால்சட்டையை முழங்கால் வரை மடித்துவிட்டுக்கொண்டு, காலில் மணலோடு, இருபது வயசு மதிக்கத்தக்க ஒருவன் படியேறி உள்ளே வருவான். மாவில் கை வைத்திருக்கிற சுலோச்சனா தலையைத் தூக்கி அவன் முகத்தைப் பார்ப்பாள்.

"யாரு?" என்பார் முன் அறையிலிருந்து ஏகாம்பரம்.

"யாரோ புள்ள" என்பாள். "தாகமா கீதாப்பா? பானையில தண்ணி கீது, மொண்டுக்கோ."

அவன் குடித்து முடிக்கிற வரைக்கும் பார்த்திருந்துவிட்டு, மறுபடி மாவைக் கிண்டுவாள்.